மூன்று பி.ஓ.டி. குப்பிகள், மூன்று விடைகள்: எந்த நுண்ணுயிரை நம்புவது?

பாலாற்றங்கரை · திங்கள், காலை 7:40

வணக்கம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் வந்து சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஆய்வக வேலை பார்க்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

போன வாரம் இரண்டாம் கிளாரிஃபையரிலிருந்து (கசடு தெளியும் தொட்டி) வெளியே வரும் தண்ணீருக்குப் பி.ஓ.டி. வைத்தேன், அதாவது அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்க்கும் சோதனை. வழக்கம்போல 300 மில்லி குப்பி, 27 டிகிரி, மூன்று நாள். குப்பிக்கு 15, 30, 60 மில்லி என்று மூன்று அளவில் மாதிரி எடுத்து, மீதியை நீர்க்கும் தண்ணீரால் நிரப்பினேன். சீட் (சோதனைக்காகச் சேர்க்கும் நுண்ணுயிர் விதை) மட்டும் போட்ட குப்பியின் கணக்கைக் கழித்த பிறகு, ஆக்சிஜன் லிட்டருக்கு முறையே 2.6, 3.5, 4.0 மில்லிகிராம் குறைந்திருந்தது. பெருக்கிப் பார்த்தால் லிட்டருக்கு 52, 35, 20 மில்லிகிராம்.

ஒரே கேனில் எடுத்த தண்ணீர்தான். ஆக்சிஜனை அளக்கும் டைட்ரேஷனில் தப்பு செய்துவிட்டேனோ என்று மறுநாளே புது மாதிரி எடுத்து மறுபடி வைத்தேன். எண் கொஞ்சம் மாறியது, வரிசை மாறவில்லை. மாதிரியைக் கூட்டக் கூட்டப் பி.ஓ.டி. இறங்குகிறது.

பழைய பதிவேட்டைப் புரட்டினால் எப்போதும் 60 மில்லி குப்பியின் விடைதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆக்சிஜன் 2-க்கு மேல் குறைந்திருக்கிறது, 1-க்கு மேல் மீதி இருக்கிறது, அதனால் விதிப்படி செல்லும் என்கிறார்கள். 20 என்றால் 30 என்ற வரம்புக்குள் வந்துவிடுகிறது. 52 என்றால் வரவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது கேள்வி. மூன்று நாள் கழித்து விடை தெரிந்து என்ன பயன்? அதற்குள் அந்தத் தண்ணீர் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்குள் போய்விடுகிறது. நுண்ணுயிர்களை வைத்தே உடனுக்குடன் அளக்கும் சென்சார்கள் உண்டு என்று படித்தேன். நம் மாதிரி உப்பும் குரோமியமும் உள்ள தண்ணீருக்கு அது ஒத்துவருமா?

---

கசடுத்தொட்டி · திங்கள், காலை 9:15

டைட்ரேஷனில் தப்பு இல்லையம்மா. உங்கள் தண்ணீரில் நுண்ணுயிருக்கு ஆகாத ஏதோ இருக்கிறது. 15 மில்லியில் அது நன்றாகக் கரைந்து நீர்த்துவிடுகிறது, கிருமிகள் நிம்மதியாகச் சாப்பிடுகின்றன. 60 மில்லியில் அதன் வீரியம் நான்கு மடங்கு. பாதிக் கிருமி செயலிழந்துபோகிறது. சாப்பிட ஆள் இல்லாததால் ஆக்சிஜன் மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் நாம் தூய்மை என்று எழுதுகிறோம்.

நீர்த்தால் பி.ஓ.டி. ஏறுகிறது என்றாலே நஞ்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி. சீட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? மாதிரி எடுக்கும் இடத்துக்கு முன்னால் எங்காவது குளோரின் போடுகிறார்களா?

---

பாலாற்றங்கரை · திங்கள், மதியம் 1:05

குளோரின் இல்லை சார். சீட் ஊர்ச் சாக்கடை பம்ப் ஹவுஸிலிருந்து ஒரு கேனில் வருகிறது. ஒரு இரவு தெளியவைத்து, மேல் தண்ணீரில் குப்பிக்கு 2 மில்லி போடுகிறேன். சீட்டைச் சரிபார்க்கக் குளுக்கோஸ்–குளூட்டாமிக் அமிலக் குப்பியும் கூடவே வைத்தேன். அதில் விடை சரியாகத்தான் வருகிறது.

---

கசடுத்தொட்டி · திங்கள், இரவு 8:50

அங்கேதான் சிக்கல். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நுண்ணுயிர்க் கசடுக்குக் காற்று ஊட்டும் ஏரேஷன் தொட்டிப் பக்கத்திலேயே முப்பது வருடம் நின்றவன், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அடக்கம் வராது.

நுண்ணுயிர்க் கூட்டத்தை வைத்து மாசை அளக்கலாமா என்று புதிதாகக் கேட்கிறோம். நூறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். பி.ஓ.டி. குப்பிக்குள் அளவுகோலே அந்தக் கூட்டம்தான். தயோசல்பேட்டும் பியூரெட்டும் அது சாப்பிட்டு முடித்த பிறகு மீதி ஆக்சிஜனை எண்ணுகின்றன, அவ்வளவுதான். பிரிட்டனில் சாக்கடைக் கழிவு பற்றி ஆராய 1898-இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அதன் எட்டாவது அறிக்கை 1912-இல் வந்தது. ஐந்து நாள் சோதனை, ஆற்றில் விடும் தண்ணீருக்கு 20 பி.ஓ.டி., 30 மிதக்கும் திடப்பொருள் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவை. அவர்கள் பார்த்தது குளிர்ந்த நாட்டு ஆறுகளை, வீட்டுச் சாக்கடையை. நம் நாட்டு வெயிலுக்கு 27 டிகிரி, மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டோம். நாளும் வெப்பமும் மாறின. சீட் மட்டும் பெரும்பாலான ஆய்வகங்களில் இன்னும் வீட்டுச் சாக்கடைதான்.

வீட்டுச் சாக்கடைக் கிருமிக்கு என்ன தெரியும்? சோறு, எண்ணெய், சோப்பு, மலம். குளுக்கோஸ் கொடுத்தால் உடனே தின்னும். அதனால்தான் உங்கள் சரிபார்ப்புக் குப்பி நன்றாக வருகிறது. கடுக்காயும் வாட்டில் பட்டையும் கலந்த டானினை அது பார்த்ததே கிடையாது. சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்பைடு, தோலில் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்து, உப்பு எல்லாம் ஒன்றாக வந்தால் அது சுருண்டுவிடும். ஆனால் அதே தண்ணீரில் உங்கள் ஏரேஷன் தொட்டிக் கசடு வருடக்கணக்காக உயிர்வாழ்கிறது! அந்தக் கசட்டிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஊர்ச் சாக்கடையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பழக்கப்பட்ட சீட் தயார் செய்யுங்கள். சோதனை விதிமுறையே அதை அனுமதிக்கிறது. 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, மீன்தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார், கல். பாதி சாக்கடை, பாதி உங்கள் ஏரேஷன் தொட்டித் தண்ணீர். தினமும் காலையில் காற்றை நிறுத்தி, அரை மணி தெளியவிட்டு, மேல் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் கழிவுநீரை ஊற்றுங்கள். முதல் வாரம் கழிவுநீர் பத்தில் ஒரு பங்கு, மீதி சாக்கடை. வாரத்துக்கு வாரம் பங்கை ஏற்றுங்கள். அவசரப்பட்டால் ஒரே நாளில் மொத்தமும் கறுத்துப்போகும். வாளியை முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நன்றாக இருக்கிறது. அழுகின முட்டை வந்தால் காற்று போதவில்லை.

---

நொய்யல்63 · செவ்வாய், காலை 6:30

நான் திருப்பூர்ச் சாயத் தண்ணீர் ஆள். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இத்தனை பாடு எதற்கு? அழுக்கை ரசாயனத்தால் எரித்து அளக்கும் சி.ஓ.டி. சோதனை இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. டைகுரோமேட், அமிலம், 150 டிகிரி. நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடை. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகை ஆலைகளுக்கு ஆன்லைன் கருவி வைக்கச் சொன்னது. அதன் பிறகு எங்கள் பக்கம் புற ஊதா ஒளியில் அளக்கும் கருவி பி.ஓ.டி., சி.ஓ.டி. இரண்டையும் நிமிடத்துக்கு நிமிடம் காட்டுகிறது. கிருமி வளர்த்து, வாளி முகர்ந்து பார்த்து, ஏன் 1912-க்குப் போக வேண்டும்?

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் வேலை இழந்தவன். சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன். அளவு முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேகமான, நம்பகமான அளவு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

---

ஜவ்வரிசி_ஆத்தூர் · செவ்வாய், காலை 10:20

நொய்யல் அண்ணா, அந்த ஒளிக்கருவி உங்கள் சாயத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். சாயம் ஒளியை விழுங்கும் பொருள். எங்கள் ஆலையில் கதை வேறு. குச்சிக்கிழங்கு அரைத்த பால் தண்ணீரில் இருப்பது மாவும் சர்க்கரையும். அவை அந்த ஒளியை விழுங்குவதே இல்லை. தண்ணீர் புளித்து நாறுகிறது, சி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் நிற்கிறது, ஆனால் 254 நானோமீட்டர் ஒளி தடையில்லாமல் அந்தப் பக்கம் போய்விடும். கருவி காட்டும் பி.ஓ.டி., யாரோ ஒருவர் முன்பு குப்பி வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்த விகிதம்தான். தண்ணீரின் தன்மை மாறினால் விகிதமும் மாற வேண்டும்.

நாங்கள் பார்ப்பது கேஸ் மீட்டரை. காற்றுப் புகாத டைஜஸ்டரில் கழிவுநீர் போகிறது, நுண்ணுயிர்கள் தின்று மீத்தேன் விடுகின்றன. ஒரு கிலோ சி.ஓ.டி. தின்றால் 0.35 கன மீட்டர் மீத்தேன், அது 0 டிகிரிக் கணக்கு. எங்கள் சூட்டில் பருமன் இன்னும் கொஞ்சம் கூடும். கேஸ் எவ்வளவு வந்தது என்று பார்த்தால் உள்ளே போன சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதுவும் நுண்ணுயிர்க் கூட்டம் சொல்லும் கணக்குதானே?

கேஸ் குறைந்தால் மட்டும் உடனே சந்தோஷப்பட மாட்டோம். ஒருநாள் கிழங்கு வரத்துக் குறைவாக இருந்திருக்கலாம். அல்லது தோல் சீவாமல் அரைத்த கிழங்கின் சயனைடு உள்ளே போயிருக்கலாம், அல்லது புளிப்பு ஏறி மீத்தேன் விடும் கூட்டம் படுத்திருக்கலாம். அதனால் ஆவியாகும் அமிலத்தையும் காரத்தன்மையையும் கூடவே பார்ப்போம். பசி இல்லாததும் நோய் வந்ததும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

---

கசடுத்தொட்டி · செவ்வாய், மதியம் 12:10

ஆத்தூர்த் தம்பி சொன்ன கடைசி வரியை எல்லாரும் இன்னொரு முறை படியுங்கள்.

நொய்யல் தம்பிக்கு: சி.ஓ.டி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தண்ணீரில் எரியக்கூடியது எவ்வளவு என்று சொல்லும். ஆறு அதில் எவ்வளவை எரிக்கும், எவ்வளவு ஆக்சிஜனை மீனிடமிருந்து பறிக்கும் என்று சொல்லாது. பாலாற்றங்கரை அம்மா தண்ணீரில் உப்பு அதிகம். குளோரைடும் டைகுரோமேட்டில் எரிந்து சி.ஓ.டி.யைப் பொய்யாக ஏற்றும். அதை அடக்கப் பாதரச சல்பேட் போடுவோம். ஒவ்வொரு குழாயிலும் பாதரசம். அந்தக் கழிவைப் பத்திரமாக ஒப்படைப்பது ஒரு தனி வேலை. ஒவ்வொரு ஆய்வகத்திலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

---

மின்முனை · செவ்வாய், இரவு 11:30

பாலாற்றங்கரை கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நுண்ணுயிர் மின்கலத்தில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன்.

முதல் தலைமுறை சென்சார் ஜப்பானில் வந்தது. 1977-இல் இசாவோ கருபேயும் சக ஆய்வாளர்களும் மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் கொலாஜன் சவ்வில் பொதிந்து, ஆக்சிஜன் மின்முனை மேல் ஒட்டினார்கள். தண்ணீரில் உணவு இருந்தால் சவ்வில் உள்ளவை மூச்சு வாங்கும், மின்முனைக்கு வரும் ஆக்சிஜன் குறையும். அரை மணியில் ஒரு விடை. 1990-இல் ஜப்பான் இந்த வகைக்கு ஒரு தேசியத் தரமுறையே வெளியிட்டது. பிற்பாடு பலர் டிரைக்கோஸ்போரான் என்ற ஈஸ்ட் ஒன்றை மட்டும் வைத்தார்கள். ஒரே இனம் என்றால் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே விடை கிடைக்கும். ஆனால் அந்த ஒன்று எதைத் தின்னாதோ அது கருவிக்குத் தெரியாது. மாவு, புரதம், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகளை முதலில் உடைக்க வேண்டும். உடைக்க நேரம் வேண்டும், பல கைகள் வேண்டும். அரை மணியில் ஒற்றை ஈஸ்டால் ஆகாது. தோல் ஆலைத் தண்ணீரில் கரைந்த முடியும் கொழுப்பும் கிடக்கிறது. அது குறைத்துத்தான் காட்டும்.

இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது. பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் வரும் என்று 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.சி. பாட்டர் எழுதிவிட்டார். 1987-இல் டெரெக் லவ்லி போட்டோமாக் ஆற்றுச் சேற்றில் ஜியோபாக்டரைக் கண்டெடுத்தார். இரும்புத் துருவை மூச்சுக்குப் பயன்படுத்தும் உயிர் அது. அந்தக் குடும்பத்துக்கு இரும்புக்குப் பதிலாகக் கார்பன் மின்முனையைக் கொடுத்தால் எலக்ட்ரானை அதில் கொட்டும். தென்கொரியாவில் பியூங் ஹாங் கிம் குழுவினர் இதை வைத்துப் பி.ஓ.டி. அளந்தார்கள். 2003-இல் அவர்கள் எழுதியதில் ஒரு கலம் ஐந்து வருடத்துக்கு மேல் நிலையாக ஓடியது என்று இருக்கிறது. ஆத்தூர் நண்பருக்கு ஒரு செய்தி: அவர்கள் முதலில் அந்தக் கூட்டத்தை வளர்த்ததே ஸ்டார்ச் ஆலைக் கழிவுநீரில்தான்!

ஐந்து வருடம் எப்படித் தாங்கும் என்றால், அது கூட்டம் என்பதால். செத்தது போகும், புதிது பிறக்கும், ஓர் இனம் தளர்ந்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். சவ்வில் பொதிந்த ஒற்றை இனத்துக்கு அந்த வசதி கிடையாது.

இனி கெட்டது. கூட்டம் மின்முனையில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். நான் கிராஃபைட் கம்பளியில் கசடு ஊற்றி வளர்த்தபோது இருபது நாள் வரை மல்ட்டிமீட்டரில் ஒன்றுமே இல்லை. இருபத்தோராம் நாள் காலையில் எண் ஏற ஆரம்பித்தது, மாலைக்குள் இரண்டு மடங்கு. அப்போது ஆய்வகத்தில் தனியாக இருந்தேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்புறம், அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் மின்னோட்டம் ஏறாது, வயிறு நிறைந்துவிடும். உங்கள் நுழைவுத் தண்ணீரை நீர்த்துத்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜனோ நைட்ரேட்டோ இருந்தால் எலக்ட்ரான் மின்முனைக்கு வராமல் அந்தப் பக்கம் போய்விடும், விடை குறையும். உப்பு மிதமாக இருந்தால் மின்னோட்டத்துக்கு நல்லது, மிஞ்சினால் கூட்டமே சரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, உங்கள் 60 மில்லி குப்பியில் நடந்தது இங்கேயும் நடக்கும். நஞ்சு வந்தால் மின்னோட்டம் இறங்கும். திரையில் அது சுத்தமான தண்ணீர் போலவே தெரியும். அதனால் மின்கலத்தைத் தனியாக நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒளிக்கருவியோ சி.ஓ.டி.யோ இருக்கட்டும். மின்னோட்டம் இறங்கி மற்றது இறங்கவில்லை என்றால் அது நஞ்சு. அந்த வித்தியாசம் தெரிந்தால் கூட்டம் பத்து நிமிடத்தில் ஓர் எச்சரிக்கை மணி.

---

மூன்றாம்வருடம் · புதன், காலை 8:00

வணக்கம், சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறேன். நுண்ணோக்கியில் கசடு பார்த்தே மாசு எவ்வளவு என்று சொல்ல முடியும் என்று எங்கள் மேடம் சொன்னார்கள். உண்மையா? மரபணு வரிசை பார்த்தால் இன்னும் துல்லியமாக வருமா?

---

கசடுத்தொட்டி · புதன், காலை 9:40

உண்மைதான் தம்பி, ஆனால் எண் வராது, நிலைமை தெரியும். எந்த உயிர் எந்த அளவு அழுக்கில் வாழும் என்று ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1900-களின் தொடக்கத்திலேயே ஆற்றுக்கு வகுத்துவிட்டார்கள். ஏரேஷன் தொட்டிக்கு இத்தாலியின் மடோனி 1994-இல் ஒரு குறியீட்டு முறை கொடுத்தார். என் கணக்கு இன்னும் எளிது. காலையில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைப்பேன். வோர்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிர் மணி போலத் தண்டில் ஆடிக்கொண்டு, வாயில் மயிர் சுழன்றால் அன்றைய பொழுது நல்லது. மணி மூடி, தண்டு சுருண்டு கிடந்தால் ராத்திரி ஏதோ ஆகாதது வந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த ஆலை வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று வாயிற் பதிவேட்டைக் கேட்பேன்.

மரபணு வரிசை யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். அவர்கள் இப்போது சாப்பிடுகிறார்களா என்று மூச்சுதான் சொல்லும்.

---

நொய்யல்63 · புதன், இரவு 9:10

மூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. சென்சார் வாங்கக் காசு கேட்டு ஆறு மாதம் காத்திருக்காதீர்கள் தங்கச்சி. உங்களிடம் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டர் இருக்கிறது அல்லவா? ஏரேஷன் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு நன்றாகக் காற்று ஏற்றுங்கள். வாய் குறுகிய பாட்டிலில் தளும்ப ஊற்றி, மீட்டரின் முனையை அடைத்து வைத்து, அடியில் காந்தக் கலக்கி ஓடட்டும். நிமிடத்துக்கு நிமிடம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6.0-இலிருந்து ஐந்து நிமிடத்தில் 3.5-க்கு வந்தால் நிமிடத்துக்கு 0.5, மணிக்கு 30. கசடில் ஆவியாகும் திடப்பொருள் லிட்டருக்கு 2.5 கிராம் என்றால் கிராமுக்கு 12. இது நல்ல பசியுள்ள கசடு.

இப்போது இன்னொரு பாட்டிலில் அதே கசடோடு புதிதாக வந்த கழிவுநீர் கொஞ்சம் சேருங்கள். மூச்சு வேகமானால் உணவு வந்திருக்கிறது, எவ்வளவு வேகம் என்பதில் சரக்கின் அளவும் தெரியும். மெதுவானால் நஞ்சு. பத்து நிமிட வேலை. டைகுரோமேட்டுக்குப் பரிந்து பேசிய நானே இதை எங்கள் நிலையத்தில் தினமும் செய்தவன். இதையும் நுண்ணுயிர் அளவு என்று இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

---

பாலாற்றங்கரை · ஆறு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:20

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி வாளி வைத்தேன். மூன்றாம் வாரம் அவசரப்பட்டுக் கழிவுநீரை ஒரே நாளில் பாதியாக்கினேன், மறுநாள் காலை கறுத்து, அழுகின முட்டை. கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது வாளி பழுப்பாக, திப்பி திப்பியாக நன்றாகத் தெளிந்தது. மண் வாசனை. சார் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போன வியாழன் பழக்கிய சீட் போட்டுக் குப்பி வைத்தேன். அதே 15, 30, 60. ஞாயிறான இன்று திறந்தேன். 15 மில்லியிலும் 30 மில்லியிலும் மாங்கனீஸ் கரைசலும் கார அயோடைடும் விட்டதும் பழுப்பாகத் திரண்டது. 30-இல் பழுப்பு கொஞ்சம் வெளிறியிருந்தது. 60 மில்லி குப்பியில் விட்டேன், வெள்ளையாகத் திரண்டது. தயிர்த் தெளிவில் மிதக்கும் ஆடை போல, ஒரு துளிப் பழுப்பு இல்லை. புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது இதுதான் முதல் முறை. குப்பியில் ஆக்சிஜனே இல்லை. இத்தனை நாளாக நாங்கள் எழுதிவந்த குப்பி அது. அதில் விடை சொல்லவே முடியாது, அத்தனையையும் தின்று முடித்திருக்கிறது.

15 மில்லியில் 2.7 குறைந்தது, விடை 54. 30 மில்லியில் 5.1, விடை 51. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன.

---

மின்முனை · ஞாயிறு, இரவு 10:45

அருமை. ஆனால் எழுதுவதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள். இந்தத் தடவை சீட் ஏரேஷன் தொட்டியிலிருந்து வந்தது. அதில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் இருக்கும். சுண்ணாம்பு நீக்கும்போது அமோனியம் உப்பு போடுவதால் உங்கள் தண்ணீரில் அமோனியா அதிகம். அதைத் தின்னவும் ஆக்சிஜன் செலவாகும். கரிமப் பொருளுக்கான கணக்கில் அது சேர்ந்திருக்கலாம். அல்லைல் தயோயூரியா போட்டு அதன் வாயைக் கட்டிவிட்டு மறுபடி வையுங்கள். முதலில் குறைவாக வந்த எண்ணை நம்பியது போல, கூடுதலாக வந்ததையும் சும்மா நம்ப வேண்டாம்.

---

கசடுத்தொட்டி · திங்கள், காலை 6:05

மின்முனை சொல்வது சரி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு விதமாகவும் வைத்து இரண்டையும் எழுதுங்கள். அமோனியாவும் ஆற்றில் ஆக்சிஜன் குடிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை, பெயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

---

பாலாற்றங்கரை · வெள்ளி, மதியம் 2:30

வைத்தேன். அல்லைல் தயோயூரியா போட்ட குப்பிகளில் 15 மில்லிக்கு 2.2, 30 மில்லிக்கு 4.3. அதாவது 44, 43. அமோனியாவின் பங்கு போக, 30-க்கு மேல்தான் இருக்கிறது.

இரண்டு எண்ணையும் எந்த சீட் என்பதையும் பதிவேட்டில் எழுதிவிட்டு மேலாளரிடம் கொண்டுபோனேன். பயந்துகொண்டுதான் போனேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம், ஆர்.ஓ. சவ்வு ஏன் இத்தனை சீக்கிரம் வழவழவென்று பிடித்துக்கொள்கிறது, ஏன் மாதத்துக்கு இரண்டு தடவை கழுவ வேண்டியிருக்கிறது என்று தானும் வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தண்ணீர் 20 என்று காகிதம் சொன்னதால் குறையைச் சவ்வு மேல் போட்டு, விற்றவர்களிடம் சண்டை போட்டிருக்கிறார். சவ்வு மேல் வளர்ந்ததும் நுண்ணுயிர்தான். அதற்கு அந்தத் தண்ணீரில் உணவு இருந்தது என்பது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

மின்கலச் சென்சாருக்கு இப்போது பணம் இல்லை என்றார். நொய்யல் அண்ணன் சொன்ன மூச்சுச் சோதனையைத் தினமும் இரண்டு வேளை செய்யச் சொல்லியிருக்கிறார். நேற்று இரவு வந்த இரண்டு வண்டிச் சரக்கைச் சேர்த்த பாட்டிலில் மூச்சு பாதியாக இறங்கியது. அந்தத் தண்ணீரைச் சமன்படுத்தும் தொட்டியிலேயே நிறுத்திவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறோம்.

மின்முனைக்கு ஒரு கேள்வி. வாளியில் வளர்த்த இதே கூட்டத்தைக் கிராஃபைட் கம்பளியில் குடியேற்ற முடியுமா? கம்பளி எவ்வளவு தடிமன் வேண்டும்? பழைய அக்ரிலிக் பெட்டி ஒன்று இங்கே சும்மா கிடக்கிறது.